குருகுக்குப் பதில் கிளி

ஆசிரியருக்கு,

வணக்கம். இலக்கிய வகுப்பில் குழுச் செயல்பாடுகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, குறியீட்டைக் கற்பிக்க 'புறா சமாதானம், தாமரை தூய்மை' என்று ஒரு பட்டியலைக் கொடுத்துத் தொடங்கச் சொல்கிறது. பட்டியலைக் கொடுத்த பிறகு குழு எதற்கு? அவரவர் வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொள்ளலாமே.

பொருளைத் தள்ளி வைத்துவிட்டு, பாட்டில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பொறுக்கவிட வேண்டும். குறுந்தொகையின் 25ஆம் பாட்டு இதற்கு நன்றாக வரும். கபிலர் பாடியது, ஐந்தே அடி. தலைவன் தன்னைக் கூடிய நாளில் சாட்சிக்கு யாருமில்லை, ஓடும் நீரில் ஆரல்மீன் பார்த்து நின்ற குருகு (கொக்கு போன்ற நீர்ப்பறவை) மட்டும் இருந்தது, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி.

குழுவுக்கு நால்வர். ஐந்தாமவர் சேர்ந்தால் வேடிக்கைதான் பார்ப்பார். முதல் 5 நிமிடம் பேச்சு கூடாது; குருகைப் பற்றிப் பாட்டு சொல்வதை மட்டும் தனித்தனியே குறிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் முதலில் வாய் திறப்பவரின் கருத்தே குழுவின் கருத்தாகிவிடும். அடுத்த 10 நிமிடம் சார்ட் தாளில் மூன்று நெடுவரிசைகள்: பாட்டின் சொல், அது காட்டுவது, அதனால் தோன்றும் பொருள். ஆளுக்கொரு நிறப் பேனா கொடுத்தால், யார் எழுதவில்லை என்பது தள்ளி நின்றே தெரியும்.

'குருகு வெள்ளை, ஆகவே தூய்மை' என்று ஒரு குழுவாவது எழுதும். திருத்த வேண்டாம்; அதற்குரிய சொல்லை முதல் நெடுவரிசையில் காட்டச் சொல்லுங்கள். பாட்டில் வெள்ளையே கிடையாது. இருப்பது 'தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால', அதாவது தினையின் தாள் போன்ற சிறிய பசிய கால்கள்.

பிறகு 10 நிமிடம், குருகை எடுத்துவிட்டுக் கிளியை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். கிளி கேட்டதைத் திருப்பிச் சொல்லும். தலைவிக்குச் சாட்சி கிடைத்துவிடும், அவள் தவிப்புக்கே இடமிராது. மாற்றியும் எதுவும் குறையவில்லையென்றால் அது வெறும் பின்னணிதான். கண்ணில் பட்டதையெல்லாம் குறியீடாக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

கடைசி 10 நிமிடம் தாள்களைக் குழுக்கள் மாற்றிக்கொள்ளட்டும். பயன்படாத சாட்சி என்று ஒரு குழு எழுதியிருக்கும். இரைமேலேயே கண்ணாயிருக்கும் குருகு தலைவனேதான் என்று இன்னொன்று. இரண்டுக்கும் பாட்டில் ஆதாரம் உண்டு. ஆசிரியர் இங்கே 'சரியான விடை' சொன்னால், அத்தனை பேரும் எழுதியதை அடித்துவிட்டு அதைப் பகர்த்துக்கொள்வார்கள். இயற்கைக் காட்சிக்குள் மறைந்திருக்கும் பொருளுக்கு இலக்கணம் தரும் உள்ளுறை, இறைச்சி என்ற பெயர்கள்கூட இதற்குப் பின் வந்தால் போதும். முன்னால் சொன்னால் பாட்டை விட்டு வரையறையைப் பிடித்துக்கொள்வார்கள். மதிப்பெண்ணைக் குழுவுக்கு மொத்தமாகப் போடாமல், ஒவ்வொருவரும் தனியே எழுதும் ஒரு பத்திக்குப் போடுவது நல்லது.

நீண்ட படைப்பென்றால் பிரித்துக் கொடுக்கலாம். சிலப்பதிகாரத்தின் சிலம்பு நான்கு காதைகளில் (காப்பியத்தின் பகுதிகளில்) நான்கு விதமாக வருகிறது: அந்திமாலையில் கண்ணகியின் காலில் அது இல்லை, கனாத்திறத்தில் 'சிலம்பு உள கொண்ம்' (சிலம்புகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்) என்கிறாள், கொலைக்களத்தில் அது விலைப்பொருள், வழக்குரையில் உடைகிறது. குழுவுக்கு ஓரிடம். பின்னர் நான்கிலிருந்தும் ஒவ்வொருவரை எடுத்துப் புதுக் குழுக்கள் அமைக்க வேண்டும். வழக்குரையின் கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் அந்தப் பகுதியைப் படித்தவர் மற்றவர்களைப் பேசவிட மாட்டார். அவர் கடைசியில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்