கர்ப்பப்பை எப்படி வெளியே வரும் என்பதையும் சொல்லுங்கள்

லேப்ராஸ்கோப்பி முறையில் கர்ப்பப்பையை நீக்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஆபரேஷனுக்கு முன்னால் சின்னத் துளை, குறைந்த வலி, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று எங்களுக்கு விளக்குகிறீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் துளை வழியாக ஒரு பெரிய கர்ப்பப்பை எப்படி வெளியே வரும் என்பதை நாங்களாகக் கேட்டால் ஒழியப் பல நேரம் யாரும் சொல்வதில்லை.

சிலருக்குப் பிறப்புறுப்பு வழியாக முழுதாகவே எடுத்துவிட முடிகிறது. அங்கே இந்தக் கவலை இல்லை. ஃபைப்ராய்டு என்ற புற்றுநோயல்லாத கட்டிகளால் பெருத்த கர்ப்பப்பையைச் சில இடங்களில் மார்செலேட்டர் என்ற சுழலும் கத்தியால் வயிற்றுக்குள்ளேயே துண்டு துண்டாக வெட்டி எடுக்கிறார்கள். ஃபைப்ராய்டு என்று நினைத்தது லியோமயோசார்கோமா என்ற புற்றுநோயாக இருந்துவிட்டால், அதன் துணுக்குகள் வயிற்றுக்குள் சிதறலாம். கர்ப்பப்பையோடு நின்றிருந்த நோய் பரவிய நோயாகிவிடலாம். ஸ்கேனோ பயாப்சியோ இந்த இரண்டையும் முன்கூட்டியே உறுதியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. சாதாரண ஃபைப்ராய்டின் துணுக்குகள்கூட உள்ளே ஒட்டி வளர்ந்து, மறுபடி ஆபரேஷன் வரை கொண்டுபோகலாம்.

ஏமி ரீட் அமெரிக்காவில் ஒரு மயக்கவியல் மருத்துவர். 2013இல் இப்படித்தான் மார்செலேட்டரால் அவருக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். புற்றுநோய் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. 2017இல் இறந்துபோனார். மருத்துவமனைக்குள்ளேயே வேலை பார்த்தவருக்கே இந்த நிலை.

அவரும் அவர் கணவரும் இந்தக் கருவிக்கு எதிராகப் போராடத் தொடங்கிய பிறகு, 2014 ஏப்ரலில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. ஃபைப்ராய்டுக்காக ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்களில் 350 பேருக்கு ஒருவரிடம் கர்ப்பப்பை சார்கோமா (லியோமயோசார்கோமாவும் அடங்கிய புற்றுநோய் வகை) மறைந்திருக்கலாம் என்றது. இது மிகைக் கணக்கு என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். அமெரிக்க மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பு 2019இல் லியோமயோசார்கோமாவுக்குத் தந்த கணக்கு 770 பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதிலிருந்து 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்பது வரை போகிறது. சரி, அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வோம். அதையாவது எங்களிடம் சொல்லுங்கள். எவ்வளவு ஆபத்தை ஏற்பது என்று முடிவு செய்ய வேண்டியது அந்த உடம்புக்குரியவள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 1990களிலேயே புழக்கத்துக்கு வந்த கருவி மார்செலேட்டர். புற்றுநோய் பரவியதாக எஃப்.டி.ஏ.வுக்கு முதல் புகார் போனதே 2013 டிசம்பரில்தான். அதுவரை இப்படி ஒன்று எங்குமே நடக்கவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. நடந்ததை எழுதி அனுப்பவில்லை என்றுதான் படுகிறது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒப்புதல் படிவத்தில் கர்ப்பப்பை முழுதாக வருமா, வெட்டி எடுக்கப்படுமா, வெட்டினால் துணுக்குகள் சிதறாமல் தடுக்கும் பைக்குள் வைத்து வெட்டப்படுமா என்று தனி வரியாக எழுதுங்கள். பை இருந்தாலும் ஆபத்து முழுதாக நீங்கிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் பெரிய வெட்டுப் போட்டு முழுதாக எடுக்கும் வழியையும் அதே பேச்சில் வையுங்கள். அதிக வலி, கூடுதல் நாள் ஓய்வு என்று அதன் விலையையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் மார்செலேட்டர் வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. சொல்வதைக் கடைப்பிடியுங்கள். ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்த பெண் வந்து கேட்டால், அவளுடைய ஆபரேஷன் குறிப்பையும் எடுத்த திசுவைச் சோதித்த பத்தாலஜி ரிப்போர்ட்டையும் தயங்காமல் கொடுங்கள். அப்புறம், உங்கள் ஆபரேஷன் மேஜையில் இப்படிப் புற்றுநோய் பரவினால் அதைப் புகாராக எழுதி அனுப்புங்கள்.