புதியவர்களுக்கு ஏற்றதா ட்ரூயிட்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்குத் தமிழ் நாளிதழ் இவ்வளவு இடம் கொடுத்தது பெரிய சந்தோஷம். ஆனால் புதிதாக ஆட வருகிறவர்களுக்கு விலங்காக உருமாறும் இயற்கை மந்திரவாதியான ட்ரூயிட்தான் சுலபம், அடித்தாலும் சாகாது என்று அதில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். வார இறுதியில் நண்பர்களோடு ஆடும்போது நான் எடுப்பதும் ட்ரூயிட்தான். அந்த கிளாஸின் (கதாபாத்திர வகையின்) மேல் உள்ள பிரியத்தால்தான் எழுதுகிறேன்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். 2014 விதிப்புத்தகத்தின்படி, 'சர்க்கிள் ஆஃப் த மூன்' பிரிவு ட்ரூயிட் இரண்டாம் லெவலிலேயே பழுப்புக் கரடியாகலாம். கரடிக்கு 34 ஹிட் பாயிண்ட், அதாவது அடி தாங்கும் உயிர்ப் புள்ளிகள். அது தீர்ந்தால் ஆள் சாவதில்லை. மனித உருவத்துக்குத் திரும்பி, தன் சொந்த 17 பாயிண்டோடு நிற்பார். மறுபடி ஒருமுறை கரடியாகலாம். ஆக, பக்கத்தில் இருபது பாயிண்டோடு வாள் வீசும் ஃபைட்டருக்கு எதிரே இவரிடம் மொத்தம் 85. ஒரு மணி நேரம் இளைப்பாறினால் இரண்டு உருமாற்றமும் திரும்பக் கிடைத்துவிடும். இதைப் பார்த்துதான் எல்லோரும் மயங்குகிறார்கள்.

அந்த ராஜவாழ்க்கை நான்காம் லெவலைத் தாண்டுவதில்லை. கரடியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி விழாமல் காக்கும் எண், வெறும் 11. ஆறாம் லெவலில் பனிக்கரடியாக மாறினாலும் 12தான். அந்தக் கட்டத்தில் எதிரே வருகிற ராட்சதர்களின் அடி ஏறக்குறைய ஒவ்வொன்றும் விழும். 42 பாயிண்ட் இரண்டு சுற்றில் கரைந்துபோகும். மூன் பிரிவைத் தேர்ந்தெடுக்காத ட்ரூயிட்டுக்கோ கரடியே கிடையாது. இரண்டாம் லெவலில் ஓநாய்தான், 11 பாயிண்ட். பறவையாகலாம் என்ற ஆசையோடு வரும் பிள்ளைகள் அதற்கு எட்டாம் லெவல் வரை காத்திருக்க வேண்டும் என்று தெரிந்ததும் முகம் வாடிப்போவதை எங்கள் மேசையில் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய பலவீனம், 2014 விதிப்படி விலங்குக்குப் பேச்சும் இல்லை, மந்திரமும் இல்லை என்பது. பதினெட்டாம் லெவல் வரை இதே நிலைதான். புதியவர் திணறும் இடம் இதுதான். கூட்டாளி அடிபட்டு விழுந்து கிடக்கிறார்; நாற்பது அடி தள்ளிக் கரடியாக நிற்கிறீர்கள். தூரத்திலிருந்தே உயிர் கொடுக்க 'ஹீலிங் வேர்ட்' இருக்கிறது. ஆனால் அதற்கு, ஒரு சுற்றில் ஒருமுறைதான் கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன் வேண்டும். மனிதனாகத் திரும்பவும் அதே போனஸ் ஆக்‌ஷன்தான் வேண்டும். ஒரு சுற்றில் இரண்டும் நடக்காது. கரடியாகவே ஓடிப் பக்கத்தில் போய், உருவம் கலைத்து, தொட்டு 'க்யூர் வூண்ட்ஸ்' போட வேண்டும். இந்தக் கணக்கு புரியாமல் விழிக்கும் பிள்ளையிடம் இது சுலபமான கிளாஸ் என்று சொன்னால் அவர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார்.

ட்ரூயிட்டின் உண்மையான பலம் பிடித்து வைத்திருக்கும் மந்திரத்தில் இருக்கிறது. உருமாறினாலும் கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கவனம்) கலையாது. ஐந்தாம் லெவலில் 'கால் லைட்னிங்' போட்டு வானில் மேகத்தை வரவழைத்துவிட்டு, பூனையாகிக் கூரைமேல் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் வரை ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடியை இறக்கலாம். 2014 விதிப்புத்தகமே இந்த மந்திரத்தைப் பெயர் சொல்லி அனுமதிக்கிறது. கீழே இருப்பவர்கள் மந்திரவாதியைத் தேடிக்கொண்டிருப்பார்கள், பூனையை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கோட்டைக்குள் சிலந்தியாகப் புகுந்து காவல் மாறும் நேரத்தைத் தெரிந்துகொண்டு வருவதும் இதே ரகம். ஓநாயை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கூட்டாளி எதிரியின் பக்கத்தில் நின்றால் பகடையை இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். கூட்டமாக வேட்டையாடும் விலங்கின் இயல்பை இவ்வளவு சுருக்கமாக ஒரு விதியில் அடக்கியவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். கண்ணால் பார்த்த விலங்காக மட்டுமே மாறலாம் என்ற 2014 விதியும் எனக்கு மிகப் பிடித்தது. பாலைவனத்தில் வளர்ந்த ட்ரூயிட் பனிக்கரடியாக வந்து நிற்பதை டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) அதன்படி தாராளமாகத் தடுக்கலாம்.

2024 புத்தகம் விலங்கின் ஹிட் பாயிண்டைத் தருவதை நிறுத்திவிட்டது. இப்போது லெவல் அளவுக்குத் தற்காலிக பாயிண்ட்தான். மூன் பிரிவுக்கு அதுபோல் மூன்று மடங்கு. கரடியைப் பறித்துவிட்டார்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் இது நியாயமான திருத்தம். தொடக்கத்தில் ஃபைட்டரை ஓரங்கட்டிய அநியாயம் போயிற்று. மூன் பிரிவின் ஆர்மர் கிளாஸ் விஸ்டம் என்ற ஞான மதிப்பைப் பொறுத்து 13-க்கு மேல் ஏறுவதால், பின்னால் வரும் சரிவும் குறைகிறது.

கட்டுரையின் அடுத்த பகுதியில் புதியவர்களுக்கு ஃபைட்டரைப் பரிந்துரையுங்கள். ட்ரூயிட்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, ஓநாய், பூனை, சிலந்தி மூன்றின் விவரங்களையும் ஆட்டத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியை,
சிங்காநல்லூர், கோவை.