பேத்திக்கு உக்ரைனைக் காட்டு

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் போன வாரமே வந்தது. பேத்தி கட்டடக்கலை படிக்கச் சேர்ந்துவிட்டாள் என்றதும் கமலா கேசரி கிளறிவிட்டாள். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, கவலைப்படாதே.

அவளுக்கு என்ன படிக்கக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். பாரிசும், பௌஹவுஸ் என்ற ஜெர்மன் கலைப்பள்ளியும் கல்லூரியிலேயே வந்துவிடும். நீ உக்ரைனைக் காட்டு. நாம் 'ரஷ்ய' ஓவியர்கள் என்று ஒரே மூட்டையில் கட்டிவைத்த பலர் அந்த மண்ணில் வளர்ந்தவர்கள்.

ஓவியர் மலேவிச் பிறந்தது கீவில். அவருடைய 'கறுப்புச் சதுரம்' ஓவியம் 1915 டிசம்பரில் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) மாட்டப்பட்டது ஊரறிந்த கதை. அதற்கு முந்தைய மாதமே மாஸ்கோவில் ஓர் அலங்காரக் கலைக் கண்காட்சி நடந்தது. அதில் அவருடைய வடிவங்கள் சால்வையிலும் தலையணையிலும் வந்துவிட்டன! வெர்பிவ்கா என்ற உக்ரைன் கிராமத்துப் பெண்களின் தையல் பட்டறைதான் அங்கே பெயர் வாங்கியது. பூவும் கொடியும் தைத்துப் பழகிய கைகள் அவருடைய சாய்ந்த செவ்வகங்களுக்கு நூல் கோத்ததை நினைத்துப் பார்.

அந்தக் கண்காட்சிக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் ஓவியர் அலெக்சாந்திரா எக்ஸ்டர். கீவுக்கும் பாரிசுக்கும் போய்வந்துகொண்டே இருந்தவர். பிக்காசோ, லெஜே போன்ற பாரிஸ் ஓவியர்கள் எல்லோரும் பழக்கம். பொருளைக் கோண வடிவங்களாக உடைத்துக் காட்டும் கியூபிசத்தைக் கையோடு கொண்டுவந்தார். ஆனால் பாரிஸ்காரர்களின் சாம்பலும் பழுப்பும் அவருக்கு ஒத்துவரவில்லை, நிறத்தை அள்ளிக் கொட்டினார். 1924இல் பாரிசிலேயே குடியேறி, லெஜேயின் கலைக்கூடத்தில் வாத்தியாராகவும் இருந்தார். அவருடைய கலையைப் பாரிசிடம் வாங்கிய இரவல் என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

மலேவிச் 1927இல் பௌஹவுசுக்குப் போய்வந்தார். அதே ஆண்டு பௌஹவுஸ்காரர்கள் அவருடைய நூலை ஜெர்மனில் போட்டார்கள். அடுத்த ஆண்டு முதல் கீவ் கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டே, கார்கிவ் நகரின் 'நோவா கெனெரத்சியா' இதழில் பிரெஞ்சு ஓவியர் செஸான் பற்றியும் லெஜே பற்றியும் உக்ரைன் மொழியில் கட்டுரைகள். அந்த இதழின் ஆசிரியர் செமென்கோவை 1937இல் சோவியத் அரசு சுட்டுக் கொன்றது. இந்த ஓவியர்களின் படங்களில் பலவும் பூட்டிய அறைக்குள் போயின.

கட்டடம் என்றால் கார்கிவின் தெர்ஜ்ப்ரோம் என்ற அரசு அலுவலகக் கட்டடம். 1928இல் முடிந்தது, அப்போது கார்கிவ்தான் சோவியத் உக்ரைனின் தலைநகரம். வட்டச் சதுக்கத்தை வளைத்து நிற்கும் கான்கிரீட் அடுக்குகள், தெருக்களுக்கு மேலே அந்தரத்தில் அவற்றை இணைக்கும் பாலங்கள். 2024 அக்டோபரில் ரஷ்யக் குண்டு விழுந்து ஒரு பகுதி இடிந்துபோனது. அதன் தரைப்படத்தை அவளை ஒருதரம் கையால் வரைந்து பார்க்கச் சொல்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? செஸ் பலகையை மறக்காதே, என்னுடையதில் ஒரு குதிரையைக் காணோம்.

அன்புடன்,
சுந்தரம்