காபிக்கு ஒரு மணி நேரம் முன்னால்

அன்புள்ள மலர்விழிக்கு,

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தேன். தைராய்டு மருந்து போதாதபோது கூடிக் காட்டும் டி.எஸ்.எச். ஹார்மோனின் அளவு எதிர்பார்த்தபடி இறங்காததால் மருத்துவர் தைராய்டு மாத்திரையை 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆக உயர்த்தியிருக்கிறார் என்றும், ஹீமோகுளோபினும் ஏறாததால் இரும்புச் சத்து மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். காலையில் எழுந்ததும் இரண்டு மாத்திரைகளையும் காபியோடு விழுங்கிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவதாகப் போகிற போக்கில் ஒரு வரியும் சேர்த்திருந்தாய். அறிக்கையில் உள்ள எண்களைவிட அந்த ஒரு வரிதான் எனக்குக் கவலை தந்தது. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அங்கே ஒருவருக்கு அரை நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. தொலைபேசியில் சொன்னால் உன் மனத்தில் பாதிதான் நிற்கும் என்பதால் எழுத்திலேயே தருகிறேன்.

முதலில் தைராய்டு மாத்திரையைப் பார்ப்போம். அதில் உள்ள லெவோதைராக்சின் (சுருக்கமாகத் தைராக்சின்) மிகச் சிறிய அளவில் வேலை செய்யும் மருந்து. 50 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமை இருபதாயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான். அது சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்தாலும் முழுவதும் ரத்தத்தில் சேர்வதில்லை, ஏறத்தாழ 60 முதல் 80 விழுக்காடுதான் சேர்கிறது. மருத்துவர்கள் அளவைக் கணக்கிடும்போது அந்த இழப்பையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். ஆனால் காபியால் ஏற்படும் இழப்பு அந்தக் கணக்கில் இல்லை. 2008இல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், போதிய அளவு மருந்து எடுத்தும் டி.எஸ்.எச். இறங்காத சில நோயாளிகளை விசாரித்தபோது, அவர்கள் மாத்திரையை எஸ்பிரெஸோ காபியோடு விழுங்கிவந்தது, அல்லது விழுங்கிய சில நிமிடங்களுக்குள் அந்தக் காபியைக் குடித்துவந்தது தெரிந்தது. அதே மாத்திரையைத் தண்ணீரோடு எடுக்கச் செய்து, காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தபோது உறிஞ்சப்படும் அளவு மேம்பட்டது. அவர்கள் குடித்ததாவது பால் கலக்காத காபி. நம் வீட்டுக் காபியில் டிகாஷனைவிடப் பால்தான் அதிகம், அந்தப் பாலில் உள்ள கால்சியமும் தைராக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சோயா பாலுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதே, சோயாவும் இந்த மருந்தைக் குறுக்கிடும் பட்டியலில் உள்ளதுதான்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, இரும்புச் சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் ஒரே வாயில் விழுங்குகிறாய். இரும்பு தைராக்சினோடு இணைந்து, குடல் சுவரைக் கடக்க முடியாத சேர்மமாகிவிடுகிறது. அதனால்தான் இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் விடச் சொல்கிறார்கள். கால்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளிதான்.

இனி இரும்பின் கதை. காபியிலும் தேநீரிலும் உள்ள டானின் போன்ற பொருள்கள் இரும்போடு சேர்ந்து கரையாத சேர்மமாக மாறுகின்றன. அந்தக் காலத்தில் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைப் போட்டுக் கறுப்பு மை காய்ச்சுவார்கள் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருப்பாய். அன்னபேதி என்பது வேறொன்றுமில்லை, உன் மாத்திரையில் இருக்கும் பெரஸ் சல்ஃபேட்தான். கடுக்காயில் இருப்பதும் டானின்தான். மாத்திரையோடு தேநீரோ காபியோ குடிக்கும்போது உன் வயிற்றிலும் ஏறக்குறைய அந்த மைதான் உருவாகிறது, அதிலிருந்து ரத்தத்துக்குச் சேரும் இரும்பு மிகக் குறைவு. 1975இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். இரும்புக் கரைசலிலும், ரொட்டியிலும், சோற்றோடு உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்ந்த சாப்பாட்டிலும் தேநீர் இரும்பைத் தடுத்தது. சோறு சாப்பிடும், தேநீர் குடிக்கும் நம்மைப் போன்ற பெண்களிடம் கிடைத்த முடிவு என்பதால் அந்த ஆய்வை நான் எப்போதும் குறிப்பிடுவேன். 1983இல் அமெரிக்காவில் வந்த இன்னோர் ஆய்வில், சாப்பாட்டோடு குடித்த ஒரு கோப்பை காபி இரும்பு உறிஞ்சப்படுவதை 39 விழுக்காடும், தேநீர் 64 விழுக்காடும் குறைத்தன. உனக்கு மிகவும் பயன்படக்கூடியது அதே ஆய்வின் இன்னொரு பகுதி: சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி எந்தத் தீங்கும் செய்யவில்லை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியோ, உடன் குடித்ததைப் போலவே தடுத்தது. மாத்திரை போட்ட பிறகு சிறிது நேரம் பொறுத்துத் தேநீர் குடித்தால் போதும் என்று பலர் நம்புவது ஏன் பலிப்பதில்லை என்பது இதிலிருந்து புரியும்.

ஆகவே உன் நாளை இப்படி அமைத்துக்கொள்ளச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரையை ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கு. ஏழு மணிக்குக் காபி குடி, அதை நான் தடுக்கவில்லை. பதினொரு மணிக்கு அலுவலகத்தில் தேநீர் வரும்போது அதை விட்டுவிட்டு, இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு எடு. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இரும்பைக் கரையும் நிலையில் வைத்து உறிஞ்சப்பட உதவும். தேநீர் மாலையில் கிடைக்கட்டும். வெறும் வயிற்றில் இரும்பு குமட்டினால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம், ஆனால் அன்று தயிர்ச் சோறு வேண்டாம். மலம் கறுத்துப் போனால் பயப்படாதே, இரும்பு மாத்திரைக்கு அது வழக்கமானதுதான். ஆறு மணிக்கு எழ முடியாத வேலை நாள்கள் உனக்கு உண்டு என்பது தெரியும். அப்படியானால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தைராய்டு மாத்திரையை இரவுக்கு மாற்றலாம். 2010இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், படுக்கப் போகும் நேரத்தில் எடுத்தவர்களுக்குக் காலையில் எடுத்தவர்களைவிட டி.எஸ்.எச். நன்றாகவே கட்டுப்பட்டது. ஆனால் இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், படுக்கும்போது பால் குடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

இந்தக் கடிதத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான், மலர். காபியோடு எடுத்தபோது பார்த்த எண்ணை வைத்துத்தான் உன் மருத்துவர் 75 மைக்ரோகிராம் என்று தீர்மானித்தார். இப்போது அதே 75ஐத் தண்ணீரோடு சரியாக எடுக்கத் தொடங்கினால், உடலில் சேரும் மருந்து இதுவரை சேர்ந்ததைவிட இரண்டு வகையில் கூடும்: மாத்திரையின் அளவும் கூடியிருக்கிறது, உறிஞ்சப்படும் பங்கும் கூடும். அது தேவைக்கு மேல் போனால் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை என்று வரக்கூடும். ஆகவே நீயாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல், இதுவரை எப்படி எடுத்தாய், இனி எப்படி எடுக்கப் போகிறாய் என்பதை முதலில் மருத்துவரிடம் சொல்; பழைய அளவிலேயே தண்ணீரோடு எடுத்துப் பார்க்கலாமா, 75ஐத் தொடரலாமா என்பதை அவர் சொல்லட்டும். தைராக்சினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏழு நாள் ஆகும் என்பதால், எந்த மாற்றத்தின் விளைவும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் பரிசோதனையில் தெளிவாகத் தெரியும். அதுவரை ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் எடுக்காதே, அப்படி எடுத்தால் அடுத்த அறிக்கையிலிருந்தும் யாராலும் எதையும் சொல்ல முடியாது.

மாத்திரை சூடு, பாலோ மோரோ குடித்தால் அந்தச் சூடு தணியும் என்று உன் பெரியம்மா சொல்வார். அக்கறையோடு சொல்வதுதான், வலி மாத்திரைகள் சிலவற்றுக்குப் பாலால் கெடுதலும் இல்லை. ஆனால் அதே பழக்கம் சில ஆன்டிபயாடிக் மருந்துகளை வீணாக்கிவிடும். டெட்ராசைக்ளின் பாலிலுள்ள கால்சியத்தோடு பிணைந்து பெருமளவு உறிஞ்சப்படாமல் போகும். சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடோ தயிரோடோ எடுத்தபோது உடலில் சேர்ந்த அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கிருமியைக் கொல்லப் போதாத அளவு மருந்தை ஐந்து நாள் குடிப்பதால் நோய் தீராது என்பதோடு, கிருமி அந்த மருந்துக்குப் பழகவும் வாய்ப்பு உண்டு. குழந்தைகளுக்கு மருந்து வாங்கும்போது இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்.

மாப்பிள்ளைக்குக் கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். அங்கே சிக்கல் தலைகீழானது. 1989இல் கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், ரத்த அழுத்த மருந்தான ஃபெலோடிபினோடு மது என்ன செய்கிறது என்று பார்க்க, மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்து கொடுத்தார். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு உயர்ந்தது. காரணம் மது அல்ல, சாறு என்பது பிறகு தெளிவானது. அந்தப் பழத்தில் உள்ள சில பொருள்கள், ஃபெலோடிபினையும் அட்டோர்வாஸ்டாட்டினையும் சிதைக்கும் நொதியைக் குடல் சுவரிலேயே செயலிழக்கச் செய்துவிடுகின்றன. நொதி மீண்டும் உருவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், சாற்றைக் காலையிலும் மாத்திரையை இரவிலும் எடுப்பது பயன் தராது. கிரேப்ஃப்ரூட் நம் ஊரில் அரிது. ஆனால் அதன் தாய்ப்பழங்களில் ஒன்றான பம்ளிமாஸ் சந்தையில் கிடைக்கிறது, அதிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. மாப்பிள்ளை அதை விரும்பிச் சாப்பிடுவார் என்பதால் எழுதுகிறேன். அவர் தும்மலுக்கு எடுக்கும் ஃபெக்சோஃபெனடின் மாத்திரையையோ பழச்சாறு எதிர்த்திசையில் பாதிக்கிறது: ஆப்பிள், ஆரஞ்சுச் சாறுகள் கூட அது உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். அதைத் தண்ணீரோடு மட்டும் எடுக்கச் சொல்.

ஒரு மாத்திரையும் இன்னொரு நிறுவனத்தின் அதே மாத்திரையும் உடலில் சமமாகச் சேர்கின்றனவா என்று ஒப்பிடும் சோதனைகளில், பொதுவாக வெறும் வயிற்றில் 240 மில்லிலிட்டர் தண்ணீரோடு மருந்தைக் கொடுக்கிறார்கள். அதாவது ஒரு பெரிய டம்ளர். வேறெதுவும் சொல்லப்படாதபோது தண்ணீரையே நான் வற்புறுத்துவதற்கு அதுதான் காரணம். விதிவிலக்குகளும் உண்டு: படர்தாமரைக்குத் தரும் கிரிசியோஃபல்வின் கொழுப்புள்ள பாலோடு நன்றாகச் சேரும். உன் அம்மா வாரம் ஒரு முறை எடுக்கும் எலும்பு மாத்திரையோ தண்ணீரைத் தவிர எதையும் பொறுக்காது. வெறும் வயிற்றிலேயே அதில் நூற்றில் ஒரு பங்குகூட உடலில் சேர்வதில்லை, காபியோ ஆரஞ்சுச் சாறோ அந்தச் சொற்பத்தையும் 60 விழுக்காடு குறைத்துவிடும். அந்த மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்காமல் இருக்க, முழு டம்ளர் தண்ணீர் குடித்து அரை மணி நேரம் படுக்காமலும் இருக்க வேண்டும். அந்த நாளில் அவளுடைய காபியை நான் அரை மணி கழித்துத்தான் கலக்கிறேன்.

உன் மாமியாருக்கு ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் சேர்த்துப் பல மாத்திரைகள் இருப்பதாகச் சொன்னாய். ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்தையும் பெயர் தெரியும்படி படமெடுத்து, எந்த நேரத்தில் எதைக் குடித்து விழுங்குகிறார்கள் என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதி அனுப்பு. பார்த்துவிட்டு, அவர்களுடைய மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஏதேனும் இருந்தால் உடனே எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா