செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: விமானத்துக்கு முன்னால் கூரை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் அரக்கோணம் சங்கம் செய்த பெரிய காரியம் விசாகப்பட்டினப் பயணம். அங்கே நிற்கும் டியு-142, அதாவது கடற்படையின் பழைய கடல் கண்காணிப்பு விமானம், அரக்கோணத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. 1992 முதல் நம் ஊர்க் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து நம் தலைக்கு மேல் பறந்த ரகம்தான். 1988-இல் கடற்படையில் சேர்ந்த இந்த விமானங்கள் 2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் விடைபெற்றன. அடுத்த மாதமே ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் பறந்து போனது. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்டி, டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நீளம் 53 மீட்டர். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டைப் புரொப்பல்லர். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த நம் ஆட்கள் அதன் வயிற்றுக்குள் ஏறி நடந்தபோது வழிகாட்டிக்கே பாடம் எடுத்தார்கள். எதிரே இருக்கும் குர்சுரா நீர்மூழ்கிக்கு நேரம் போதவில்லை.

டெல்லிக்குப் போன சில உறுப்பினர்கள் நேரு கோளரங்கத்தில் ராகேஷ் சர்மா 1984-இல் திரும்பி வந்த சோயுஸ் என்ற சோவியத் விண்கலத்தைப் பார்த்து வந்தார்கள். அவர் ஏறிப்போனது சோயுஸ் டி-11. இறங்கி வந்தது டி-10. மாணவர் வினாடி வினாவில் இதைக் கேட்டோம், பெரியவர்களும் கோட்டை விட்டார்கள்.

அப்புறம், ஆண்டு முழுக்க ஓடிய விவாதம். நம் ஊர்ப் பூங்காவுக்கும் ஒரு பழைய விமானம் கேட்டு வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கை தட்டல் அடங்கியதும், பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் எழுந்து நிலைமையைச் சொன்னார். அலுமினியத் தகடும் எஃகு போல்ட்டும் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு உள்ளுக்குள் ஓடும், மேலே பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். விமானி அறையின் கண்ணாடி வெயிலில் மங்கும். நின்ற இடத்திலேயே நின்றால் டயர் பிதுங்கும் என்பதால் எடையைத் தாங்கிகள் மேல் இறக்க வேண்டும். காற்று புகும் வாயை வலை போட்டு மூடாவிட்டால் பறவைகள் கூடு கட்டும்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில், சந்திரனுக்குப் போகவிருந்த சாட்டர்ன்-5 ராக்கெட்டுக்கே இந்தக் கதிதான். 1977 முதல் வெட்டவெளியில் படுத்துக் கிடந்து அரித்துப்போனது. 2000-க்குப் பிறகுதான் கட்டடம் எழுப்பிச் சீர்செய்தார்கள். கூரை மட்டும் போதுமா என்று இளைஞர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. விண்வெளிக்குப் போய் வந்த ஒரே புரான் ஓடம் (சோவியத் விண்வெளி ஓடம்) 2002-இல் கஜகஸ்தானில் உள்ள பைக்கனூர் ஏவுதளத்தில் கொட்டகைக் கூரை இடிந்து விழுந்ததில்தான் நொறுங்கியது; கூரையில் வேலை பார்த்த தொழிலாளர்களும் இறந்தார்கள்.

கடைசியில், கூரைக்கும் ஆண்டுப் பராமரிப்புக்கும் செலவுக் கணக்குப் போட்ட பிறகே விமானம் கேட்டு மனு எழுதுவது என்று முடிவானது. ஒருமனதாக அல்ல. ‘முதலில் வரட்டும், பிறகு பார்ப்போம்’ என்றவர்களும் உண்டு. அப்படிப் பார்க்காமல் விட்ட விமானங்கள் நாட்டில் நிறைய நிற்கின்றன என்பது என் எண்ணம். கணக்குப் போட ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறோம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மழைக்காலத்தில் மட்டும் வருகை குறைவு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தாவில் மாற்றமில்லை, பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் நிர்வாகிகள் தேர்தலில் வாக்களிக்கலாம்.

செயலாளர்