சண்முகத்துக்கு: டிவியில் நடந்த கல்யாண வழக்கு

கோயம்புத்தூர்
ஜூலை 2025

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளச் சொல். நீயே பக்கத்தில் இருந்து போட்டுவிட்டால் இன்னும் நல்லது. இங்கே குறையொன்றும் இல்லை. இவள் ரிட்டையர் ஆனதும் திருநெல்வேலிக்கே வந்துவிடலாம் என்கிறாள். சிறுவாணித் தண்ணீரை விட்டுவிட்டு எப்படி வருவது என்று நான் இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் இதழியல் வகுப்பு போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். டிவி மட்டும் பார்க்கவே மாட்டார்கள், ஆனால் வேலை டிவியில்தான் வேண்டும்.

சரி, நீ கோபமாகக் கேட்டதற்கு வருகிறேன். மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணை அவள் துணையாக ஏற்ற தோழியோடு போக விட்டது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் தீர்ப்பில் சொன்னது. அன்றைக்கு டிவியில் தன்பாலினத் திருமணம் பற்றிய விவாதம் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாய்: "டிவிக்காரன் பூராவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டான், எதிர்த்துப் பேசுகிறவனை வாயைத் திறக்க விடுவதில்லை, ஆயுசில் பாதி நியூஸ் டெஸ்க்கில் உட்கார்ந்தவன் நீ, இது நியாயமா?"

உன் புகாரைத் தள்ள மாட்டேன். அமெரிக்காவில் இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 2013 மார்ச்சில் அங்கே உச்ச நீதிமன்றத்தில் தன்பாலினத் திருமணம் பற்றி இரண்டு வழக்குகள் விசாரணைக்கு வந்தன. அதை ஒட்டிய இரண்டு மாதத்தில் வந்த ஏறக்குறைய 500 செய்திகளை, கருத்துக் கணிப்பு நடத்துகிற பியூ ஆய்வு மையம் எடுத்து, எதில் ஆதரவுப் பேச்சு தூக்கல், எதில் எதிர்ப்புப் பேச்சு தூக்கல் என்று கணக்குப் போட்டது. ஆதரவு தூக்கலானவை 47 சதவீதம், எதிர்ப்பு தூக்கலானவை 9 சதவீதம், மீதி கலவை. ஃபாக்ஸ் நியூஸ் உட்பட மூன்று பெரிய கேபிள் சேனல்களிலும் ஆதரவுதான் கூடுதல். அதே ஆண்டு மே மாதம் அவர்களே எடுத்த கருத்துக் கணிப்பில் மக்களில் 51 சதவீதம் ஆதரவு, 42 சதவீதம் எதிர்ப்பு. ஊர் கிட்டத்தட்டப் பாதிப் பாதியாகப் பிரிந்திருக்கும்போது செய்தி ஐந்துக்கு ஒன்று என்று இருந்தால், எதிர்த்தவர்களுக்கு வயிறு எரியத்தானே செய்யும்?

அது ஏன் அப்படி ஆனது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. அந்த இரண்டில் ஒரு வழக்கைப் போட்டவர் ஈடித் வின்ட்சர், எண்பது வயது தாண்டிய அம்மாள். நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த துணைவி இறந்ததும், நடுவண் அரசு இவர்களை மணமானவர்களாகக் கருதாததால் சொத்துக்கு 3,63,053 டாலர் வரி கட்டச் சொன்னார்கள். கணவன் இறந்து மனைவிக்கு வந்த சொத்தாக இருந்தால் அந்த வரியே கிடையாது. அந்த அம்மாள் நீதிமன்றப் படியில் வந்து நின்றால் எந்தக் கேமராமேன் திரும்பாமல் இருப்பான்? எதிர்த்தரப்பிடம் இருந்தது ஒரு கொள்கை. கொள்கைக்கு முகம் கிடையாது, அதைக் குளோசப்பில் காட்ட முடியாது. யாரும் கூடிப் பேசிச் சதி செய்யத் தேவையில்லை. டிவி என்ற சாதனமே முகம் இருக்கிற பக்கம் சாயும்.

ஆனால் நம் ஊரில் நடந்தது வேறு. நீ 2023ஐ நினைத்துப் பார். தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்கக் கேட்டு நம் உச்ச நீதிமன்றத்தில் ஹைதராபாத்தைச் சேர்ந்த சுப்ரியோ சக்ரவர்த்தியும் அபய் டாங்கும் முதலில் போட்ட மனு, அதோடு சேர்ந்து இருபதுக்கும் மேல் மனுக்கள். ஏப்ரல் 18 முதல் மே 11 வரை ஐந்து நீதிபதிகள் முன் பத்து நாள் விசாரணை, முழுக்க நேரலையில். இதைவிடப் பெரிய வசதி ஒரு செய்திச் சேனலுக்குக் கிடைக்காது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? முதல் நாளே தலைமை நீதிபதி சந்திரசூட், ஆண் என்றோ பெண் என்றோ முழுமுற்றான கருத்தாக்கம் எதுவும் கிடையாது என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். வாதத்துக்கு நடுவே அரசுத் தரப்புக்குச் சொன்ன பதில் அது. அதைக் கத்தரித்து எடுத்து, முன்னும் பின்னும் இல்லாமல் ராத்திரி வரை ஓட்டினார்கள். அதே நாள் இன்னொன்றும் சொன்னார்: இந்து, முஸ்லிம் என்று மதவாரியான தனிச் சட்டங்களுக்குள் நாங்கள் போகப் போவதில்லை, மதம் பாராமல் கல்யாணத்தைப் பதிவு செய்ய வழி தரும் 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டும்தான் பார்ப்போம் என்று. வழக்கின் எல்லைக்கோடே அதுதான். நான் திருப்பித் திருப்பிப் பார்த்த விவாதங்களில் திரையின் ஓரத்தில் எரிந்துகொண்டிருந்தது என்னவோ ஓமகுண்டம்!

ஒரு விவாதம் எப்படித் தயாராகிறது என்று உனக்குச் சொன்னதில்லை அல்லவா? சாயங்காலம் நாலு மணி மீட்டிங்கில் தலைப்பு முடிவாகும். அது எப்போதும் கேள்விக்குறியோடு இருக்கும்: "அனுமதிக்கலாமா? ஏற்குமா சமூகம்?" உடனே கெஸ்ட் கோஆர்டினேட்டர் பையன் போனை எடுப்பான். ஒரு செயற்பாட்டாளர், ஒரு மதத் தலைவர், ஒரு கட்சிக்காரர், ஒரு வக்கீல். வக்கீல் சட்டம் பேசினால் "சார், சிம்பிளா சொல்லுங்க" என்று காதுக்குள் குரல் வரும். நிதானமாகப் பேசுகிறவரை அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். சேவல் சண்டைக்குச் சாதுச் சேவலை யார் கொண்டுபோவார்கள்? இதற்கெல்லாம் செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. விருந்தினர் தன் வீட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார். வின்ட்சர் அம்மாள் மாதிரி ஒருவரைத் தேடிப்போய்ப் படம் பிடிக்க வேண்டும் என்றால் ஒரு ரிப்போர்ட்டர், ஒரு கேமராமேன், வண்டி, ரெண்டு நாள். அந்தக் காசைத்தான் எல்லாரும் முதலில் வெட்டினார்கள்.

இந்த அமைப்பில் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் கேள்வியிலேயே சாய்வு இருக்கிறது. "இவர்களை அனுமதிக்கலாமா" என்று கேட்கும்போது, அனுமதி கொடுக்கிற இடத்தில் பார்வையாளரையும் கைகட்டி நிற்கிற இடத்தில் மனுதாரரையும் வைத்தாகிவிட்டது. எதிர்த்துப் பேச வருகிறவருக்கும் அதே கதிதான். ஸ்க்ரீனை ஆறு பெட்டியாகப் பிரித்து ஒரு மூலையில் அவரைக் கத்தவிட்டு, அவர் கத்துவதையே அவர் தரப்பின் வாதமாகக் காட்டிவிடுவார்கள். உனக்குக் கோபம் வந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் வக்கீல்களின் தேசிய அமைப்பான இந்திய பார் கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? நாட்டு மக்களில் 99.9 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இதை எதிர்க்கிறார்கள் என்று அதில் இருந்தது. அது அப்படியே ஸ்க்ரோலில் ஓடியது. யார் எண்ணியது, எப்போது எண்ணியது என்று நான் பார்த்தவரை ஒரு ஆங்கர்கூடக் கேட்கவில்லை. டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த பையன்கூடச் சதவீதத்தைப் பார்த்தால் "சோர்ஸ் என்ன" என்றுதான் கேட்க வேண்டும். அந்த ஜூன் மாதம் பியூ வெளியிட்ட கணிப்பில் இந்தியாவில் 53 சதவீதம் ஆதரவு, 43 சதவீதம் எதிர்ப்பு. கணிப்பை முழுசாக நம்பு என்று சொல்லவில்லை, கேட்கிற விதத்தைப் பொறுத்து எண் மாறும். ஆனாலும் 43க்கும் 99.9க்கும் நடுவில் ஒரு பெரிய செய்தி இருந்தது, அதை யாரும் எடுக்கவில்லை.

இதற்கு முன்னால் இருந்த நிலைமையோடு பார்த்தால் 2023 எவ்வளவோ தேவலை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2011 பிப்ரவரியில் டிவி9 தெலுங்குச் சேனல், ஹைதராபாத்தில் தன்பாலீர்ப்பு பெருகிவிட்டது என்று ஒரு 'ஸ்பெஷல்' போட்டது. இணையதளத்தில் இருந்த ஆண்களின் பக்கங்களையும் படங்களையும் எடுத்துக் காட்டி, செய்தியாளரே போன் போட்டுப் பேச்சுக் கொடுத்துப் பதிவு செய்து ஒளிபரப்பினார். அந்த ஆட்கள் மறுநாள் வேலைக்கு எப்படிப் போயிருப்பார்கள்? செய்தி ஒளிபரப்புத் தர ஆணையம் 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, மன்னிப்பை ஒளிபரப்பவும் வைத்தது. அதே ஊரிலிருந்துதான் 2022இல் இரண்டு பேர் சொந்தப் பெயரில், முகத்தைக் காட்டி, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

அப்புறம், எனக்கு மனசில் நிற்கிற குறை வேறு. வழக்கில் இரண்டு பக்கமும் பேசிய நல்ல வாதங்கள் டிவிக்கு வரவே இல்லை. மனுதாரர்கள் கேட்டது ஊர்வலமும் மேளதாளமும் இல்லை. ஜாயின்ட் அக்கவுன்ட், இன்சூரன்ஸ், பென்ஷன், ஆஸ்பத்திரியில் கையெழுத்து போடும் உரிமை. கல்யாண நோட்டீஸை 30 நாள் பொதுவில் ஒட்டி வைக்கிற விதியையும் எதிர்த்தார்கள். சாதி மாறி, மதம் மாறிக் கட்டிக்கொள்ளும் நம் ஊர்ப் பிள்ளைகள் வெட்டுக்குத்துக்குப் பயப்படுவது இந்த நோட்டீஸால்தான். ஒரு தமிழ்ச் சேனலுக்கு இதைவிட நெருக்கமான கோணம் இருக்க முடியுமா?

அரசுத் தரப்பில் துஷார் மேத்தா வைத்ததும் லேசான வாதம் இல்லை. சிறப்புத் திருமணச் சட்டம் கணவன், மனைவி என்று பிரித்து எழுதப்பட்டது. சில உரிமைகள் மனைவிக்கு மட்டும் இருக்கின்றன. பாலினத்தை எடுத்துவிட்டால் அவற்றை யாருக்குக் கொடுப்பீர்கள், 160 சட்டங்களைத் தொட வேண்டி வருமே, இதை நாடாளுமன்றத்துக்கு விடுங்கள் என்றார். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. இருந்தாலும் கடைசியில் ஜெயித்தது ஏறக்குறைய அந்த வாதம்தான். அதற்கு ராத்திரி ஒன்பது மணியில் அரை நிமிஷம்கூட இடம் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் பேச என்று டிவி கூட்டிவந்த ஆட்கள் கலாசாரம், சீரழிவு என்பதைத் தாண்டவில்லை. உன் தரப்புக்குச் சேனல்கள் செய்த அநியாயம் என்றால் நான் இதைச் சொல்வேன்.

அதனால்தான் தீர்ப்பு வந்த அக்டோபர் 17 அன்று அவ்வளவு குழப்பம். சந்திரசூட் முதலில் தன் தீர்ப்பை வாசித்தார்: சேர்ந்து வாழும் உரிமை உண்டு, தத்தெடுக்கத் தடை போடும் விதி செல்லாது, இது நகரத்து மேட்டுக்குடி விவகாரம் இல்லை, கிராமத்தில் விவசாய வேலை செய்யும் பெண்ணும் இப்படி இருக்கலாம் என்று. சிவப்புப் பட்டையில் பிரேக்கிங் பறந்தது. பிறகு நீதிபதி கவுல் அவரோடு சேர்ந்தார். அடுத்து நீதிபதி ரவீந்திர பட் வாசிக்க வாசிக்கத்தான் தலைமை நீதிபதி சிறுபான்மை என்பது டெஸ்க்குகளுக்கு உறைத்தது. திருமணம் செய்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து பேரும் ஒன்று, சேர்ந்து வாழ்வதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுப்பதிலும் தத்தெடுப்பதிலும் 3க்கு 2 என்று மறுப்பு. நான்கு தீர்ப்புகள், 366 பக்கம். மத்தியானம் ஒரு மணிக்கு உன்னிடமிருந்து எனக்கு வந்த போன் ஞாபகம் இருக்கிறது: "ஜெயித்தார்களா தோற்றார்களா, அதை மட்டும் சொல்." திருநங்கையும் ஆணும், திருநம்பியும் பெண்ணும் இப்போதுள்ள சட்டப்படியே மணந்துகொள்ளலாம் என்று ஐந்து பேரும் சொன்னது அந்தச் சந்தடியில் கீழே விழுந்து போனது. நம் மதுரைக் கிளை 2019இலேயே தூத்துக்குடி ஜோடி ஒன்றின் வழக்கில் அதைச் சொல்லியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டபடி மத்திய அரசு 2024இல் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு போட்டது. அந்த ஆகஸ்ட் கடைசியில் நிதி அமைச்சகம் வங்கிகளுக்கு அறிவுரை அனுப்பியது: தன்பாலினத் துணைகள் ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கவும், துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று. ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதச் சொல்லி மாநிலங்களுக்கும் கடிதம் போனது. மனுதாரர்கள் கேட்டதில் ஒரு கைப்பிடி, சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. விவாதம் வேண்டாம், இரண்டு நிமிஷச் செய்தியாகவாவது இதைப் பார்த்தாயா? நான் பார்க்கவில்லை. தீர்ப்பை மறுபடி பார்க்கக் கேட்ட சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆனதும் ஒரு வரி ஸ்க்ரோலோடு போய்விட்டது. சண்டைக்கு ஆள் கிடைக்காத செய்தி டிவியில் நிற்காது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ பேங்கில் மேனேஜராக இருந்தவன். அந்த அறிவுரை கிளை வரைக்கும் வந்து சேருமா, இல்லை வட்டார அலுவலகத்து மெயிலிலேயே தூங்குமா? இரண்டு பெண்கள் கவுன்ட்டருக்கு வந்து ஒருவரையொருவர் நாமினி போட வேண்டும் என்றால், படிவத்தில் 'உறவுமுறை' என்ற கட்டத்தில் உன் கிளர்க் என்ன எழுதச் சொல்வார்? வகுப்பில் பிள்ளைகளுக்கு இதையே ஒரு ரிப்போர்ட்டாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பேர் போடாமல் பேச உன் பழைய சகாக்கள் யாராவது ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டுச் சொல்.

மதினியை விசாரித்ததாகச் சொல். ஆடி அமாவாசைக்கு ஊருக்கு வரலாம் என்று இருக்கிறோம், டிக்கெட் கிடைத்ததும் போன் பண்ணுகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்