அந்தப் பாட்டைப் பற்றி அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக அம்மா சொன்னாள். கொடுத்தனுப்பிய கருவாட்டை ஒரு தடவை வெயிலில் காட்டி டப்பாவில் போட்டு வைக்கச் சொன்னாள். இங்கே வாடைக் காற்று இன்னும் விடவில்லை. வடகடல் கலங்கித்தான் கிடக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே ஏதாவது கேட்பாய், நானும் பேச்சை விட்டுவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி டிவியில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஓடிக்கொண்டிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுக் கிளம்புகிற இடத்தில் 'விடை கொடு எங்கள் நாடே' வந்தது. நீ ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாய். "ரொம்ப அழுத்துதுப்பா. அழு, அழுன்னு பிடிச்சுத் தள்ளுற மாதிரி இருக்கு. நமக்கு என்ன தோணணும்னு மியூசிக் சொல்லித் தரக் கூடாது" என்றாய். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமே இல்லை. அந்த நேரத்தில் பதில் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

நீ சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம். இப்போது வருகிற படங்களில் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வருவதற்கே அத்தனை டிரம்ஸ் அடிக்கிறார்கள். வசனம் காதில் விழுவதில்லை. போன வருஷம் ராமநாதபுரத்தில் ஒரு படத்துக்குப் போய், இடைவேளைக்குள் அம்மாவுக்குத் தலைவலி வந்து பாதியில் திரும்பினோம். அதைத் திட்டு, நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். அந்தப் பாட்டை அதோடு சேர்க்காதே.

நம் கடையை நீ பார்த்ததெல்லாம் அதன் கடைசிக் காலத்தில்தான். செல்போனுக்கு ரீசார்ஜ் பண்ணுகிற இடமாகத்தான் உனக்குத் தெரியும். 1984-ல் நான் ஆரம்பித்தபோது அது ரெக்கார்டிங் சென்டர். மண்டபத்தில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் பத்துக்கு எட்டு அறை. இரண்டு டெக், ஒரு ரெக்கார்டு பிளேயர், சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டு. ஆட்கள் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் ஆறு பாட்டு, சின்னப் பாட்டாக இருந்தால் ஏழு. கடலுக்குப் போகிறவர்கள் தொண்ணூறு கேட்பார்கள். ராத்திரி முழுக்க ஓட வேண்டும் அல்லவா?

சீட்டில் எழுதியிருப்பதை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். கல்யாணம் நிச்சயமானவன் சீட்டு ஒரு மாதிரி, நின்றுபோனவன் சீட்டு வேறு மாதிரி. சாயங்காலம் ஆனால் கடை வாசலில் விவாதம் தொடங்கிவிடும். ஐஸ் கம்பெனி மாமா எம்.எஸ்.வி. கட்சி. அவருக்கு 1964-ல் வந்த 'படகோட்டி'தான் உலகத்திலேயே பெரிய படம். கடல்காரனுக்காக அதற்குப் பிறகு எவனும் மெட்டுப் போடவில்லை என்பார். நான் இளையராஜா கட்சி. 1976-ல் 'அன்னக்கிளி' பாட்டு குழாய் ஸ்பீக்கரில் வந்தபோது எனக்குப் பதினாறு வயசு. எங்கள் வீட்டு அடுப்படியில் கேட்கிற சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது போல இருந்தது. அதிலிருந்து வேறு யாரையும் அந்த இடத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. 1986-ல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே இசையமைத்தார்கள். கேசட் வந்த அன்று மாமாவும் நானும் எதிர் எதிரே உட்கார்ந்து, எந்த மெட்டு யாருடையது என்று ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசினோம். சண்டை தீரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுக்க ஆரம்பித்தார்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

1990. கச்சான் காற்று அடிக்கிற மாசம். இலங்கையில் சண்டை மறுபடி மூண்டு, மன்னாரிலிருந்து படகு படகாகச் சனம் வந்துகொண்டிருந்தது. அகதிகள் கேம்ப் வாசலில் பேர் கூப்பிட மைக் செட் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கடையோடு சேர்த்து நான் மைக் செட்டும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். புளியமரத்தில் ஏறி இரண்டு குழாயைக் கட்டினேன். ஆம்ப்ளிபயரைப் போட்டதும் எந்தக் கல்யாண வீட்டிலும் செய்கிற மாதிரி, கை பழக்கத்தில், சரிபார்க்க ஒரு பாட்டைத் தட்டிவிட்டேன். இரண்டு வரி போயிருக்காது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானாகத் திரும்பிப் பார்த்தேன்.

முந்நூறு பேர் இருப்பார்கள். மண்ணில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சத்தம் இல்லை. பிள்ளைகள்கூட அழவில்லை. ஒரு கிழவி, ஈரச் சேலையோடு, குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டை நிறுத்தினேன். கை நடுங்கி வால்யூமை மாற்றித் திருகி, கிர்ரென்று ஒரு இரைச்சல் வந்து, அப்புறம்தான் நின்றது. அந்த இரைச்சலுக்கும் ஒருவரும் அசையவில்லை. அப்புறம் பேர் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பேருக்கு ஆள் எழுந்து வரும்போது வேட்டியில், சேலையில் ஒட்டிய மணல் உதிர்கிற சத்தம் மைக்கில் கேட்டது. நான் மைக்குக்குப் பக்கத்தில் நின்றேன், அதனால் எனக்குத் தெரியும். அழுகைச் சத்தம் மட்டும் அதில் இல்லை.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, அங்கிருந்து ஒரு அக்கா கடைக்கு வந்தார். பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் ஒரு கேசட். டேப் அறுந்திருந்தது. "அண்ணை, இதை ஒருக்கா பாருங்கோ" என்றார். நான் ஐந்து திருகையும் கழற்றி, உப்புப் பூத்த இடத்தைச் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். அறுந்த இரண்டு முனையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சாய்வாக பிளேடால் வெட்டினேன். நேராக வெட்டினால் ஒட்டின இடத்தில் டக் என்று சத்தம் வரும், சாய்வாக வெட்டினால் வராது. முதுகுப் பக்கம் மெல்லிசாக ஒரு ஒட்டு. பென்சிலை விட்டுச் சுற்றி டெக்கில் போட்டேன்.

இலங்கை வானொலியிலிருந்து பிடித்த பாட்டுகள். நம் பக்கம் எல்லா வீட்டிலும் இருந்த மாதிரிதான். ரேடியோவுக்கு முன்னால் டேப்பை வைத்துப் பிடித்திருக்கிறார்கள். அதனால் பாட்டோடு வீட்டுச் சத்தமும் சேர்ந்து பதிந்திருந்தது. கோழி கொக்கரிக்கிறது. யாரோ வாளியைக் கிணற்றடியில் வைக்கிறார்கள். ஒரு பையன் பாட்டின் நடுவில் "அம்மா, பாட்டு ஓடுது, கதையாதேங்கோ" என்கிறான். அந்த இடம் வந்ததும் அந்த அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் அழவில்லை. "இதுக்கு மேல ஒண்டும் ஏத்திப் போடாதேங்கோ. இதே மாதிரி இன்னொண்டு எடுத்துத் தாங்கோ" என்றார். எடுத்துக் கொடுத்தேன். பணம் வாங்கவில்லை. அசலை அவர் எடுத்துக்கொண்டு, நகலை என்னிடமே நீட்டினார். "கடலில போனது போக, ஒண்டு கரையில இருக்கட்டும்." பையன் யார், எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. சில மாசத்தில் அவரை வேறு ஊர் முகாமுக்கு மாற்றிவிட்டார்கள்.

2002-ல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது. படம் வருவதற்கு முன்பே கேசட் வந்துவிட்டது. ஏ.ஆர். ரகுமான் மேல் எனக்கு அப்போது பெரிய பிடிப்பு இல்லை. 1992-ல் 'ரோஜா' வந்தபோது, கேட்டவர்களுக்குப் பதிந்து கொடுத்தேனே தவிர, கடையில் நானாகப் போட்டதில்லை. மணிரத்னம் அதற்கு முந்தைய வருஷம்தான் 'தளபதி'யில் ராஜாவோடு அப்படி ஒரு வேலை பார்த்திருந்தார். உடனே ஆளை மாற்றியது எனக்கு ஒப்பவில்லை. அந்த மனசோடுதான் கேசட்டைப் போட்டேன். 'விடை கொடு எங்கள் நாடே' பாட்டில் ஒரு குரல் வந்தது. ஐஸ் கம்பெனி மாமா வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார், ஸ்டாண்டுகூடப் போடவில்லை. "யாரு, நம்ம விசுவநாதனா?" என்றார். எம்.எஸ்.வி.யேதான். அப்போது எழுபதைத் தாண்டியவர். குரல் வழவழப்பாக இருக்காது, கொஞ்சம் கரகரப்பு, மேலே போகும்போது விளிம்பு கிழிகிற மாதிரி. நன்றாகப் பாடுகிற இளம் குரல்கள் எத்தனையோ இருக்க, ரகுமான் போய் அந்தக் குரலைக் கேட்டு வாங்கியிருக்கிறார். சின்ன வயசில் எம்.எஸ்.வி.க்கும் ராஜாவுக்கும் கீபோர்டு வாசித்தவர்தானே அவர்? பெரியவர் குரலில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மாமாவும் நானும் கட்சி பேசுவதை அன்றோடு விட்டோம் என்றே சொல்லலாம்.

படத்தை ராமநாதபுரத்தில் பார்த்தோம். உனக்கு ஆறு வயசு, என் மடியில் தூங்கிவிட்டாய். அந்தப் பாட்டு வந்தபோது தியேட்டரில் முதலில் ஒரு பொம்பளை விசும்பினார், அப்புறம் பின்வரிசையில் ஒருவர், அப்புறம் நான். நான் அழுதது படத்தில் நடந்ததற்காக இல்லை பாப்பா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் புளியமரத்தடியில் அழாமல் உட்கார்ந்திருந்தார்களே, அந்த அழுகை எங்கே போயிருக்கும் என்று எனக்குள் ஒரு கேள்வி கிடந்தது. இந்தப் பாட்டு அதை எடுத்துக்கொண்டு வந்து வைத்தது. நீ சொன்னாய், என்ன தோன்ற வேண்டும் என்று இசை சொல்லித் தரக் கூடாது என்று. எனக்கு இது எதையும் சொல்லித் தரவில்லை. அவர்களால் முடியாததை அவர்களுக்குப் பதிலாகச் செய்தது. ஒப்பாரி பாட ஆள் வைப்பார்களே நம் ஊரில், அதை யாரும் அழுத்துகிறது என்று சொல்வதில்லையே? ரகுமானுக்கும் வைரமுத்துவுக்கும் அந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. அதற்காக நான் இதைச் சொல்லவில்லை. விருது கிடைக்காமல் போயிருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

இன்னொன்று. உனக்கு '96' படம் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் கோவிந்த் வசந்தா எங்கெல்லாம் வயலினை நிறுத்திவிடுகிறார் என்று எனக்குக் காட்டிக் கொடுத்ததே நீதான். அந்தப் பெண் கடைசி வரைக்கும் பாட மாட்டேன் என்றிருந்து, கரண்ட் போன வீட்டில் 'யமுனை ஆற்றிலே' பாடுகிறாளே, அது 'தளபதி'ப் பாட்டு. 'தளபதி'யை ஒரு நாள் முழுசாகப் பார். கூட்ஸ் ரயிலில் பிள்ளையை விட்ட தாய்க்கு, ரயில் ஊதினாலே உயிர் போகும். கோயிலில் அவளும் மகனும் ஒருவரை ஒருவர் அறியாமல் நிற்கும்போது ரயில் போகிறது, இரண்டு பேரும் திரும்புகிறார்கள். நம் ஊரில் பாம்பன் பாலத்தை நோக்கி ராத்திரி ரயில் ஊதிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயாக நடித்த ஸ்ரீவித்யா முகம்தான் வரும். அப்புறம், '96'-ல் அந்தப் பாட்டைப் பாடிய சின்மயி முதன்முதலில் சினிமாவுக்குப் பாடியது எந்தப் படத்தில் தெரியுமா? நீ சத்தம் குறைத்த படத்தில்தான். 'ஒரு தெய்வம் தந்த பூவே.'

உன் கருத்தை மாற்றிக்கொள் என்று கேட்கவில்லை. மறுபடி ஒரு தடவை, லைட்டை அணைத்துவிட்டு, படத்தைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேள். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் கேள். பக்கத்து வீட்டுச் சத்தமும் சேர்ந்தே கேட்கட்டும்.

அந்த அக்காவின் கேசட் இன்னும் பீரோவில், உன் சான்றிதழ் பைக்கு அடியில் இருக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். டேப்பில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. டெக்கில் பெல்ட் தொய்ந்துவிட்டது, போட்டால் குரல் இழுக்கிறது. உங்கள் பெங்களூரில் எஸ்.பி. ரோட்டில் பழைய டெக்குக்குப் பெல்ட் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். உள்வட்டத்தின் அளவை நூல் வைத்து எடுத்திருக்கிறேன், நூலையே கவரில் வைத்து அனுப்புகிறேன். அடுத்த தடவை வரும்போது பெல்ட்டையும், கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற என்ன ஒயர் வேண்டுமோ அதையும் வாங்கி வா. நாம் இரண்டு பேருமாக உட்கார்ந்து ஏற்றிவிடலாம். கோழிச் சத்தம், வாளிச் சத்தம் எதையும் எடுத்துவிடாமல் அப்படியே ஏற்ற வேண்டும்.

அம்மா விசாரித்ததாக எழுதச் சொன்னாள். மாமாவும் கேட்டார்.

அன்புடன்,
அப்பா
மண்டபம்